ரப்பர்க் கிண்ணத்துக்கு என்ன குறை?

நியூஜெர்சியில் வசிக்கும் என் தங்கை சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொலைபேசியில் அழைத்தாள். அவள் மகன் பள்ளியின் ஜாஸ் குழுவில் ட்ரம்பெட் வாசிக்கிறான். இவ்வாண்டு ட்யூக் எல்லிங்டனின் இசைக்கோவை ஒன்றைப் பயில்கிறார்கள். அதற்கு ப்ளஞ்சர் ம்யூட் தேவை. இசையாசிரியர் அவனிடம், ஹார்டுவேர் கடைக்குப் போய்ச் சமையலறை சிங்க்கில் அடைப்பெடுக்கும் சின்ன ரப்பர்க் கிண்ணம் ஒன்று வாங்கி, கட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிண்ணத்தை மட்டும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

"கக்கூஸ்ல குத்தற சாமான் அண்ணா அது" என்றாள் தங்கை. "வாயில வெச்சு ஊதற வாத்தியத்தை அதால மூடணுமாம். வாத்தியக் கடையில அதுக்குன்னே மரியாதையா ஒண்ணு விக்கறாங்க. நாலு காசு அதிகம், அவ்வளவுதானே? நீதான் ராத்திரியெல்லாம் அந்தப் பாட்டைக் கேக்கறவன். நீ சொன்னா அவன் கேப்பான்."

அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம்தான் அரைமணி நேரம் வாதிட்டேன். தொலைபேசியில் வாதம் உருப்படியாக அமைவதில்லை. அதிலும் உடன்பிறந்தவளிடம் அமையவே அமையாது. சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவளுக்காக மட்டும் அன்று. 'மரியாதையாக ஒன்று' என்ற அந்தச் சொற்றொடரை அவளைவிட அதிகம் படித்தவர்கள் வாயிலும், ஜாஸ் இசையையே தொழிலாகக் கொண்டவர்கள் வாயிலும் வேறு வேறு வடிவங்களில் கேட்டிருக்கிறேன்.

முதலில் பொருள் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். ட்ரம்பெட்டின் முனை அகன்று விரிகிறது. நாதஸ்வரத்தில் அணசு என்கிறோமே, அந்த இடம். அதற்குள் செருகியோ அதன் முன் பிடித்தோ ஒலியின் நிறத்தை மாற்றும் கருவிக்கு ம்யூட் என்று பெயர். பெரும்பாலான ம்யூட்கள் கூம்பு வடிவில் உள்ளே செருகப்பட்டு அங்கேயே நின்றுவிடுபவை. செருகிய பின் வாசிப்பவனுக்கும் அவற்றுக்கும் உறவில்லை. ப்ளஞ்சர் அப்படியன்று. அது இடக்கையில் இருக்கிறது. வாசிக்கும் நேரமெல்லாம் திறந்தும் மூடியும் சாய்ந்தும் விலகியும் அசைந்துகொண்டே இருக்கிறது. வழக்கமாக ட்ரம்பெட்டைத் தாங்குவது இடக்கை. வலக்கை விரல்கள் வால்வுகளை அழுத்தும். இடக்கை கிண்ணத்துக்குப் போய்விட்டால் வாத்தியத்தின் பாரம் முழுவதும் வலக்கையில் விழும். தாங்குவதும் அதுவே, அழுத்துவதும் அதுவே. பதினைந்து வயதுப் பையனுக்கு இது எளிய காரியமன்று.

இங்கேயே தேர்வின் பாதி முடிந்துவிடுகிறது. கிண்ணம் இலேசாக இருக்க வேண்டும். விளிம்பு வளைந்து கொடுக்க வேண்டும். அப்போதுதான் ஒரு பக்கத்து விளிம்பை வாத்தியத்தின் வாயில் ஊன்றிக்கொண்டு மறுபக்கத்தைக் கதவுபோலத் திறந்து மூட முடியும். வாத்தியத்தின் வாய் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் குறுக்களவுடையது. கிண்ணமும் அதையொட்டியே இருந்தால் போதும். கழிப்பறைக்கென்று விற்கும் பெரிய கிண்ணம், அதிலும் உள்ளே இன்னொரு உதடு நீட்டிக்கொண்டிருக்கும் வகை, ட்ரம்பெட்டுக்கு உதவாது. பெரியவை ட்ராம்போன்காரர்களுக்கு உரியவை. (ஆகவே தங்கையின் அருவருப்பு அளவின்படியே பிழையானது. மருமகன் வாங்க வேண்டியது பாத்திரம் கழுவும் சிங்க்குக்கான கிண்ணம்.)

வாத்தியக் கடையில் விற்பது என்ன? பெரும்பாலும் இதே ரப்பர்க் கிண்ணந்தான். கட்டை இல்லாமல், ஒரு பெயர் பொறிக்கப்பட்டு, சில மடங்கு விலையில். உலோகத்தில் செய்தவையும் உண்டு. பார்க்கப் பளபளப்பாக இருக்கும். உலோகம் உலோகத்தைத் தொட்டால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும் என்பதை மேடையில் ஒருமுறை வாசித்தவன் அறிவான். வேகமான பகுதியில் கை சற்றுத் தவறினால் இசையோடு சேர்ந்து கரண்டிச் சத்தமும் கேட்கும். ரப்பர் மோதினால் யாருக்கும் தெரியாது. இது அழகியல் வாதமன்று, இயந்திர நியாயம்.

இன்னொன்று: பணம் செலவழிக்க விரும்பும் தங்கையின் கையை நான் தடுக்கவில்லை. அந்தப் பணத்தில் பிக்ஸி என்று ஒரு சின்னக் கூம்பு ம்யூட் வாங்கித் தரட்டும். எல்லிங்டன் குழுவின் அந்த இறுகிய, நெஞ்சை அறுக்கும் குரல் கிண்ணத்தால் மட்டும் வந்ததன்று. உள்ளே ஒரு சிறிய நேர்கூம்பு, அதற்கு மேல் கிண்ணம், தொண்டையில் உறுமல், ஆக மூன்றும் சேர்ந்து பிறந்தது. வழக்கமான நேர்கூம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் கிண்ணம் சரியாக மூடாது. எனவேதான் உள்ளடங்கிய பிக்ஸி. பிக்ஸி சிங்க் கடையில் கிடைக்காது. அதற்குத்தான் வாத்தியக் கடை. எதை எங்கே வாங்குவது என்பதை வாத்தியம் தீர்மானிக்க வேண்டும், வெட்கம் அன்று.

இனி நான் சற்று அறிந்த துறைக்கு வருகிறேன். இக்கிண்ணம் எழுப்பும் ஒலியை ஆங்கிலத்தில் 'வா வா' என்று எழுதுகிறார்கள். தமிழ் மாணவன் எவனும் இங்கே நிமிர்ந்து உட்கார வேண்டும். தொல்காப்பியர் பிறப்பியலில் அகர ஆகாரங்கள் வாயைத் திறப்பதனால் பிறப்பவை என்றும், உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய ஐந்தும் இதழ் குவிதலால் பிறப்பவை என்றும் வகுக்கிறார். ட்ரம்பெட்டின் வாயைக் கிண்ணத்தால் மூடினால் ஒலியின் மேலடுக்குகள் அடங்கி, இருண்ட 'ஊ' கேட்கிறது. கிண்ணத்தை விலக்கினால் அவை விடுபட்டு, வெளிச்சமான 'ஆ' கேட்கிறது. ஊவிலிருந்து ஆவுக்குத் தாவும்போது இடையில் பிறக்கும் உரசலற்ற வழுக்கல்தான் அந்த வகரம். (நம் வகரம் மேற்பல்லும் இதழும் இயைந்து பிறப்பது, இது இருவிதழ் குவிந்து பிறக்கும் ஆங்கில வகரம். மாணவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அதாவது, இக்கிண்ணம் வாத்தியத்துக்கு உதடு தருகிறது. ட்ரம்பெட்டுக்குச் சுரம் உண்டு, உயிரெழுத்து கிடையாது. கிண்ணம் வந்தபின் உயிரெழுத்தும் வந்துவிட்டது. எழுதப்பட்ட கோவையில் இதற்கு இரண்டே குறிகள்: மூடுவதற்கு ஒரு கூட்டல் குறி, திறப்பதற்கு ஒரு சிறு வட்டம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எண்ணற்ற நிலைகளுக்குக் குறியில்லை. ஓவும் ஔவும் அவற்றுக்கிடையிலுள்ள பெயரற்ற உயிர்களும் அங்கேதான் இருக்கின்றன. மூடும்போது சுருதி வேறு நகரும். அதை உதட்டால் சரிக்கட்ட வேண்டும். இவ்வளவும் கையும் காதும் மாதக்கணக்கில் பழகி அறிய வேண்டியவை. விலைச்சீட்டில் எழுதியிருப்பதில்லை.

இதை யார் கண்டார்கள் என்பதைச் சொல்லாமல் வெறும் ரப்பரைப் பற்றிப் பேசுவது அநியாயம். நியூ ஆர்லியன்ஸிலிருந்து சிகாகோ சென்ற கிங் ஆலிவர் கோப்பை, குவளை, தொப்பி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் தம் கார்னெட்டின் வாயில் வைத்துப் பேச வைத்தவர். 1923இல் பதிவான 'டிப்பர்மவுத் ப்ளூஸ்' இசைத்தட்டில் அவர் வாசித்த பகுதியைப் பின்னால் வந்த ட்ரம்பெட்காரர்கள் மனப்பாடப் பாடல்போலப் படித்தார்கள். அவரைச் சிகாகோவில் நேரில் கேட்டுத் திகைத்தவர்களில் ஒருவர் பப்பர் மைலி. தெற்குக் கரோலினாவில் 1903இல் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். மேமி ஸ்மித் என்ற ப்ளூஸ் பாடகியின் குழுவில் ஜானி டன் விட்டுச் சென்ற இடத்தில் வாசித்தவர். 1923இல் வாஷிங்டோனியன்ஸ் குழுவில் சேர்ந்தார்; மறு ஆண்டு அக்குழுவின் தலைமை எல்லிங்டன் கைக்கு வந்தது. மைலி வந்து உறும ஆரம்பித்த பிறகு தம் குழுவின் குணமே மாறியது, இனிப்பான இசையை மறந்தே போனோம் என்ற பொருளில் எல்லிங்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

'ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் டூடில் ஊ' 1926. 'பிளாக் அண்ட் டேன் ஃபேண்டஸி' 1927. இரண்டாவதன் முதன்மை மெட்டு, 'தி ஹோலி சிட்டி' என்ற தேவாலயப் பாட்டைச் சோக மேளத்துக்கு மாற்றி மைலி அமைத்தது. கடைசியில் ஷோப்பனின் சவ ஊர்வல இசை எட்டிப் பார்க்கிறது. தேவாலயம், சாராயக்கடை, சுடுகாடு மூன்றும் மூன்று நிமிடத்தில். அதே ஆண்டு நவம்பரில் வேறொரு நிறுவனத்துக்காக இதையே மறுபடி பதிவு செய்தபோது மைலி வரவில்லை. ஜாபோ ஸ்மித் வாசித்தார். ஸ்மித் கெட்டிக்காரர், விரல்வேகம் மிக்கவர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சுரங்கள் ஏறத்தாழ அவையே. பேசுகிற ஆள் வேறு. மைலி 1932இல் காசநோயால் இறந்தார். வயது 29.

அவருக்கு இணையாக ட்ராம்போனில் இதைச் செய்தவர் 'ட்ரிக்கி சாம்' நாண்டன். 1926இல் சேர்ந்து 1946இல் இறக்கும்வரை அக்குழுவிலேயே இருந்தார். மனிதன் அழுதுகொண்டே பேசுவதுபோல ஒரு 'யா யா' ஒலி எழுப்புவார். அவ்வொலியின் இரகசியத்தை ஒருவரும் முழுமையாகப் பெயர்த்தெடுத்துவிடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மைலி 1929இல் விலகியதும் அலபாமாக்காரரான கூட்டி வில்லியம்ஸ் வந்தார். நாண்டன் வாசித்ததை முதலில் கேட்டபோது தமக்குச் சிரிப்பு வந்தது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். உறும வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, சிரித்தவர் ஒருநாள் தாமே கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

சிரிப்பு என்றதும் என் உண்மையான எதிராளிகளிடம் வருகிறேன். தங்கையிடம் எனக்குப் பகையில்லை. அவள் அருவருப்பு வெளிப்படையானது, வாதிட்டால் அசையும். இக்கிண்ணத்தை வேடிக்கைப் பொருள் என்று *நேசிக்கிறவர்கள்* இருக்கிறார்களே, அவர்களிடந்தான் என் வழக்கு. தொலைக்காட்சியில் ஒருவன் தோற்றால் 'வா வா வா வாஆ' என்று ட்ராம்போன் கேலி செய்கிறது. சார்லி பிரௌன் கார்ட்டூனில் ஆசிரியை பேசினால் சொல் வராது; கிண்ணம் வைத்த ட்ராம்போன்தான் வரும். நானும் சிரித்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். மனிதக் குரலை நெருங்குவதற்காக ஒருவர் கண்ட வழி, பொருளற்ற குரலின் அடையாளமாக ஆக்கப்பட்டுவிட்டது. மைலி பேச வந்தார். அவர் கருவியை உளறலுக்கு வைத்துக்கொண்டார்கள்.

இது தற்செயல் என்று நான் கருதவில்லை. எல்லிங்டன் குழு 1927 டிசம்பரில் ஹார்லெமின் காட்டன் கிளப்பில் வாசிக்கத் தொடங்கியது. மேடையில் கறுப்பர்கள், மேசைகளில் வெள்ளையர்கள் மட்டும். ஆப்பிரிக்கக் காடு பற்றி அம்மேசைக்காரர்கள் கொண்டிருந்த கற்பனைக்கேற்ப நடனங்கள் அமைக்கப்பட்டன. அந்த உறுமலுக்கும் கிண்ணத்துக்கும் 'காட்டு இசை' என்று பெயர் வைத்து விற்றார்கள். நியூயார்க் நகரத்து மனிதர்கள் நியூயார்க் நகரத்துச் சிங்க் கிண்ணத்தை வைத்து, அமெரிக்கத் தேவாலயப் பாட்டிலிருந்து வார்த்தெடுத்த இசை. அதில் காடு எங்கே இருந்தது? கேட்பவர் தலைக்குள் இருந்தது. ஒருவன் தன் துயரத்தைத் தன் குரலில் சொன்னால் அது விலங்கின் ஓலமாகவோ கோமாளியின் உளறலாகவோ மட்டுமே காதில் விழுமென்றால், பழுது குரலில் இல்லை.

பயிற்சி நூல்களில் இக்கருவி கடைசிப் பக்கத்தில், 'சிறப்பு விளைவுகள்' என்ற தலைப்பின் கீழ் வருவதைப் பார்க்கிறேன். உயிரெழுத்தைச் சிறப்பு விளைவு என்று சேர்க்கிற இலக்கண நூலை யாராவது எழுதினால் நாம் என்ன சொல்வோம்?

நம் ஊரிலும் இது தெரியாத கதையன்று. மிருதங்கத்தின் தோலை உரித்துப் பதப்படுத்தி மூட்டுகிறவர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் 2020இல் வெளிவந்தபோது, வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. நாதம் வேண்டும், அது எதிலிருந்து வருகிறது என்று யாரும் உரக்கச் சொல்லக் கூடாது. தங்கையும் நானும் அத்தகைய வீட்டில்தான் வளர்ந்தோம். கடையிலிருந்து நேரே வந்த புதுக் கிண்ணம் எந்தச் சிங்க்கையும் பார்த்ததில்லை. அப்படியிருக்க அதில் ஒட்டியிருக்கும் அழுக்கு எது? அதன் பெயர்தான். கட்டையில்லாமல் பெட்டியில் போட்டு வேறொரு பெயரில் விற்றால் அதே ரப்பர் சுத்தமாகிவிடுகிறது. இந்தச் சடங்குக்கு என்ன பெயர் என்று நம்மவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என்னை மறுப்பவர்கள் ஒன்று கேட்கலாம்: ஹார்டுவேர் கடைக் கிண்ணத்தை நீ மட்டும் புனிதப்படுத்தவில்லையா? மைலி அதை எடுத்தது மலிவாகக் கிடைத்ததால். இன்று சரியான அளவில் ஒருவர் செய்து தந்தால் வாங்க மறுப்பது பழம்பொருள் பக்தியன்றோ? நியாயமான கேள்வி. மருமகனுக்கு நான் எழுதிய மின்னஞ்சலில், கடைக்கு வாத்தியத்தையும் எடுத்துப் போகச் சொன்னேன். கிண்ணத்தை அதன் வாயில் வைத்துப் பார்; இடக்கையில் இருபது முறை திறந்து மூடிப் பார்; ரப்பர் விறைப்பாக இருந்தாலோ அளவு சேராவிட்டாலோ தயங்காமல் வாத்தியக் கடைக்குப் போ. அது தோல்வியன்று. அம்மா முகம் சுளிக்கிறாள் என்பதற்காகப் போகாதே, அவ்வளவுதான்.

அவன் படிக்கும் கோவை, லிங்கன் சென்டரின் ஜாஸ் அமைப்பு 1990களின் நடுவிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பிவரும் எல்லிங்டன் கோவைகளில் ஒன்று. அது எதுவாயினும், அதற்கு முன்னால் 'கன்செர்ட்டோ ஃபார் கூட்டி'யைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். 1940 மார்ச்சில் பதிவானது. மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஒரே ஆள், ஒரே ட்ரம்பெட். கிண்ணத்தை இறுக்கிக்கொண்டு முணுமுணுக்கிறார், உறுமுகிறார், நடுவில் கிண்ணத்தை முற்றாக எடுத்துவிட்டுத் திறந்த தொண்டையில் பாடுகிறார், மறுபடி மூடிக்கொள்கிறார். ஃபிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே ஓதேர் 1954இல் வெளியிட்ட நூலில் இந்த ஒரு பதிவுக்காக ஒரு தனி இயலையே ஒதுக்கி, தலைசிறந்த படைப்பு என்று நிறுவினார். சிங்க் கிண்ணத்துக்கு அவர் எங்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. பின்னர் இம்மெட்டுக்குப் பாப் ரஸ்ஸல் வரிகள் எழுதி அது காதல் பாட்டாகிப் பிரபலமானது. அழகான பாட்டுத்தான். வரிகள் வந்ததும் உயிரெழுத்துகளைப் பாடகர் எடுத்துக்கொண்டார். கிண்ணத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. எனக்கு வரிகளில்லாத வடிவமே அதிகம் பேசுவதாகத் தோன்றுகிறது.

நேற்று மருமகனிடமிருந்து பதில் வந்தது. சின்னக் கிண்ணம், சில டாலர்தான், அளவு சரியாக இருக்கிறது. பிக்ஸிக்கு அம்மா பணம் தந்துவிட்டாள். ரப்பர் வாடைதான் தாங்கவில்லை, என்ன செய்யலாம் மாமா என்று கேட்டிருக்கிறான். சோப்புப் போட்டுக் கழுவி இரண்டு நாள் காற்றில் வைக்கச் சொல்லி எழுதினேன். கழுவுவதற்குச் சமையலறை சிங்க்கை மட்டும் தரமாட்டேன் என்கிறாளாம் தங்கை. தோட்டத்துக் குழாயில் கழுவி கராஜ் ஜன்னலில் வைத்திருக்கிறான்.